மேலிருந்து ஒரு திருகு

அன்புள்ள பெரியக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நாலு பக்கத்தில் மூன்று பக்கம் என்னைத் திட்டியிருக்கிறாய். மிச்சமுள்ள ஒரு பக்கத்தில், "படகு ஒழுகுச்சுன்னு எவளாவது புருஷனைத் தனியா அனுப்புவாளா? நீ என்னத்தைச் சொல்லிக் குடுத்தே அவளுக்கு?" என்று கேட்டிருக்கிறாய். பதினேழு நாள் அங்கே இருந்தவன் நான். நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன். முழுவதும் படி. அப்புறமும் திட்டு மிச்சமிருந்தால் திட்டிக்கொள்.

நம் சின்னக்கா போன் பண்ணியபோது கடையில் ஒரு பம்பைப் பிரித்துப் போட்டிருந்தேன். "டேய், இறுகிப்போன போல்ட்டைக் கழட்டறதுதானே உன் பொழப்பு? ரெண்டு வாரம் கடையைச் சாத்திட்டு இங்க வா" என்றாள்.

விஷயம் இது. அத்தான் ஒரு வருஷம் கடலில் சுற்றப் போகிறார். சின்னக்காவும் கூட வர வேண்டும் என்கிறார். அவளுக்கு நில அளவை அலுவலகத்தில் இருந்த லீவு முடிந்து பதினேழாம் தேதி திங்கட்கிழமை வேலைக்குத் திரும்ப வேண்டும். அன்று காலை அவள் தன் மேஜையில் இல்லாவிட்டால் அந்த மேஜை வேறொருத்தருக்குப் போய்விடும். பத்தொன்பது வருஷம் அவள் உட்கார்ந்து வரைபடம் போட்ட மேஜை. அதனால் அத்தானிடம் ஒரே ஒரு நிபந்தனை சொல்லியிருக்கிறாள். பதினைந்தாம் தேதி சனிக்கிழமை படகின் மேல் அரை மணி நேரம் ஹோஸ் பைப்பில் தண்ணீர் அடிப்பது. அவள் கீழே தன் படுக்கையில் படுத்திருப்பாள். தலையணையில் ஒரு சொட்டும் விழாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை அவரோடு கிளம்புகிறாள். விழுந்தால் திங்கட்கிழமை ஆபீஸ். இவ்வளவுதான். இதை அவளுக்கு நான் சொல்லிக் கொடுக்கவில்லை. எனக்கே போனில்தான் தெரியும்.

இந்தக் கடிதத்தில் அவரை அத்தான் என்றே எழுதுகிறேன். மரியாதைக் குறைச்சல் என்று நீ இன்னொரு பக்கம் எழுதக்கூடாது என்பதற்காக.

முதல் தேதி போய் இறங்கினேன். படகுகளைத் தண்ணீரிலிருந்து தூக்கி முட்டுக் கொடுத்து நிறுத்தி வைத்திருக்கும் ஒரு திடல் அது. ஏணி வைத்துத்தான் ஏற வேண்டும். ஏணியின் உச்சியில் அத்தான் இடுப்பில் கை வைத்து நின்றிருந்தார். தலையில் தங்கக்கயிறு வைத்த வெள்ளைத் தொப்பி. எல்லோரும் தன்னைக் கேப்டன் என்று கூப்பிட வேண்டுமாம். ஏழு வருஷத்தில் கரை கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் அவர் படகு ஓட்டியது இரண்டே தடவை. இரண்டு தடவையும் மூடுபனி.

"என்ன மாப்ளே, கிணத்துப் பம்பு டாக்டர் கடலுக்கு வந்துட்டாரா? இது வேற, அது வேற."

"தண்ணி ஒண்ணுதானே அத்தான். ஓட்டை இருந்தா வரும்."

"ஓட்டையெல்லாம் இல்ல. ஜன்னல் ஓரமா லேசா ஒரு கசிவு. நீ வர்றதுக்குள்ளயே பாதி முடிச்சுட்டேன்."

முடித்த லட்சணத்தைப் பார்த்தேன். ஜன்னலைச் சுற்றி, சந்து அடைக்கும் சிலிக்கான் பசை. ஆறிய சிலிக்கான் மேல் புதுச் சிலிக்கான். அது உரிந்த இடத்தில் வேறு நிறச் சிலிக்கான். எண்ணிப் பார்த்தேன், ஆறு அடுக்கு. விரலால் நெம்பினேன், மாட்டின் நாக்கு மாதிரி நீளமாகக் கையோடு வந்துவிட்டது. பக்கத்துப் படகுக்கு வண்ணம் அடித்துக்கொண்டிருந்த பெயிண்டரம்மா அங்கிருந்தே குரல் கொடுத்தார்.

"தம்பி, அந்தப் படகுல சிலிக்கான் வைக்காத இடம் கேப்டன் சாரோட காது மட்டுந்தான்."

"அதுலயும் வெச்சிருப்பார்மா. யார் சொன்னாலும் உள்ள போகலையே" என்றாள் சின்னக்கா, கீழே கேபினுக்குள்ளிருந்து.

நான் கீழே இறங்கினேன். கேபினில் இரண்டு படுக்கைகள். இடப்பக்கம் அவளுடையது, வலப்பக்கம் அவருடையது. இடப்பக்கத் தலையணைக்கு மேலே தேநீர் சிந்தியது போல் பழுப்புக் கறை. காலடியில் ஒரு பிளாஸ்டிக் பேசின். ஏழு வருஷமாகச் சனி, ஞாயிறு, விடுமுறை எல்லாம் அந்தப் பேசினைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் தூங்கியிருக்கிறாள். வலப்பக்கம் ஒரு பொட்டுக் கறை கிடையாது.

"இடம் மாத்திப் படுத்திருக்கலாமே?" என்றேன்.

"அவருக்கு அந்தப் பக்கம் படுத்தாத்தான் தூக்கம் வருமாம்."

இதை நீ இரண்டு தடவை படிக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

மறுநாள் ஒழுகும் இடத்தைத் தேடினேன். நீ படகு பார்த்ததில்லை, அதனால் கொஞ்சம் விளக்குகிறேன். படகின் விளிம்பில், ஆள் தவறி விழாமலிருக்க, தொடை உயரத்துக்குக் கம்பி கட்டியிருக்கும். அதைத் தாங்க அங்கங்கே சின்னத் தூண்கள். ஒவ்வொரு தூணின் அடியிலும் ஓர் அலுமினியத் தட்டு, தட்டுக்கு நாலு போல்ட். அந்தப் போல்ட்டுகள் மேல்தளத்தைத் துளைத்துக்கொண்டு உள்ளே இறங்கும். கேபினில் ஒரு சின்ன அலமாரிக்குள் போனால் அவற்றின் நட்டுகள் தெரியும். சின்னக்காவின் படுக்கைக்கு நேர் மேலே இப்படி இரண்டு தூண்கள். ஆக எட்டுப் போல்ட்.

மேல்தளம் ஒரே பலகை மாதிரி தெரியும். ஆனால் மேலே ஒரு ஃபைபர் தகடு, கீழே ஒரு ஃபைபர் தகடு, நடுவில் தக்கை மாதிரி லேசான மரம். போல்ட் வழியாக இறங்கும் தண்ணீர் அந்த மரத்துக்குள் புகுந்து, தன் இஷ்டத்துக்கு நடந்து, எங்கேயோ போய் வெளியே வரும். அத்தான் ஏழு வருஷமாக வாசலில் காவல் காத்தார், திருடன் கூரை வழியாக வந்துகொண்டிருந்தான்.

தட்டைச் சுற்றிக் களிமண்ணால் ஒரு சின்ன வரப்புக் கட்டினேன். அதில் தண்ணீர் ஊற்றி, என் பேனா மையை அரைப் பாட்டில் கலந்தேன். ஒரு மணி நேரம் கழித்து ஜன்னலின் கீழ் மூலையில் நீலமாக ஒரு சொட்டு எட்டிப் பார்த்தது.

"பாத்தியா? ஜன்னல்தான்னு நான் சொன்னேன்ல" என்றார் அத்தான்.

"என்னங்க, மையை அவன் ஊத்துனது தூண்கிட்ட" என்றாள் சின்னக்கா.

"அதனால என்ன? ஜன்னல்ல ஓட்டை இல்லேன்னா அங்க எப்படி வரும்?"

பெயிண்டரம்மா பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியதைப் பார்த்தேன்.

மூன்றாம் தேதியிலிருந்து போல்ட் கழற்றும் வேலை. எஃகுப் போல்ட் அலுமினியத்தில் வருஷக்கணக்காக உப்புத் தண்ணீரோடு கிடந்தால் இரண்டும் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். இடையில் சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாகப் பூத்துவிடும். போதாக்குறைக்கு, போல்ட் தலையில் திருப்புளி உட்காரும் காடியை எல்லாம் அத்தான் ஏற்கெனவே மொழுக்கையாக்கி வைத்திருந்தார். இதற்கு அவசரம் ஆகாது. காடியை அரத்தால் புதிதாக அறுத்தேன். ஓரத்தில் ஊடுருவும் எண்ணெய் விட்டேன். ஒரு முழு நாள் தொடாமல் விட்டேன். பிறகு பற்றவைக்கும் சூட்டுக்கோலைப் போல்ட் தலையில் வைத்துச் சூடேற்றி, திருப்புளியை வைத்துச் சுத்தியலால் இரண்டு தட்டு. முதலில் இறுக்கும் பக்கம் ஒரு மயிரிழை, அப்புறம் தளர்த்தும் பக்கம். அசைந்தால் மறுபடி எண்ணெய்.

இதற்கு இரண்டு பேர் வேண்டும். மேலே ஒருவர் திருப்புளியோடு. கீழே ஒருவர் அலமாரிக்குள் தலையை விட்டு மல்லாந்து படுத்து, ஸ்பேனரால் நட்டைப் பிடித்துக்கொள்ள வேண்டும். கீழே சின்னக்கா. நாங்கள் தட்டுவதை வைத்துப் பேசிக்கொண்டோம்: ஒரு தட்டு தட்டினால் பிடி, இரண்டு தட்டினால் விடு. அது அவளே சொன்ன முறை. "கத்தினா கேக்காது, உள்ள இருந்தா எல்லாம் சத்தம்தான். அவரும் கத்துவார். ஏழு வருஷம் கத்தினதுல எனக்குக் காதுல விழுந்தது பாதிதான்."

முதல் நாலு போல்ட் வந்துவிட்டது. ஐந்தாவதில் எண்ணெய் ஊறட்டும் என்று நான் டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தால் அத்தான் கையில் பாதிப் போல்ட்.

"ஒரே திருகு மாப்ளே. வந்துடுச்சு."

"பாதிதான் வந்திருக்கு அத்தான்."

"மிச்சம் கீழ வழியா வரும்ல?"

வராது. அந்த மிச்சத்தை டிரில் போட்டு எடுக்க எனக்கு ஒரு காலைப்பொழுது போனது. அத்தனை நேரமும் சின்னக்கா கீழே படுத்திருந்தாள், முகத்தில் அலுமினியத் தூள் விழ விழ. அத்தான் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, வரப்போகும் பயணத்தைப் பற்றிப் பெயிண்டரம்மாவுக்கு விரிவாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த அம்மா "அப்படியா, அப்படியா" என்று கேட்டுவிட்டுக் கடைசியில், "திசை காட்டறதுக்கு உங்ககிட்ட ஆள் இருக்கா சார்?" என்றார்.

ஐந்தாம் தேதி எட்டும் வெளியே வந்தன. துளைகளுக்குள் வளைந்த கம்பியை விட்டுச் சுரண்டினேன். நடுவிலிருந்த மரம் ஊறிய ரொட்டி மாதிரி கருப்பாக வந்தது. மொத்தம் ஒரு வாளி. அத்தான் எட்டிப் பார்த்தார்.

"இது வாங்கும்போதே இருந்திருக்கும்."

சின்னக்கா அந்த வாளியைத் தூக்கிக்கொண்டு போய்க் கொட்டிவிட்டு வந்தாள்.

உள்ளே விளக்கு வைத்து மூன்று நாள் காய வைத்தேன். அந்த மூன்று நாளில்தான் எனக்கு முக்கியமான விஷயம் தெரிந்தது. சும்மா பேசிக்கொண்டிருந்தபோது சின்னக்கா சொன்னாள்: "ரெண்டு வருஷம் முன்னாடி இந்தத் தூணை எல்லாம் ஒரு தடவை கழட்டி, நல்ல பசை வெச்சுத்தாண்டா போட்டோம். திடல்காரர்தான் கழட்டிக் குடுத்தார். அப்பவும் ஒழுகிச்சு."

"எப்படி இறுக்கினீங்க?"

"எப்பவும் போலத்தான். நான் கீழ நட்டைப் பிடிச்சுக்குவேன். அவர் மேல திருகுவார். பசை காய்ஞ்ச மறுநாள் வந்து இன்னொரு தடவை நல்லா இறுக்குவார். மாசத்துக்கு ஒரு தடவை எல்லாத்துக்கும் கடைசியா ஒரு திருகு வைப்பார். 'பிடி'ம்பார், பிடிப்பேன்."

பெரியக்கா, நோய் இதுதான். பசை காய்ந்ததும் போல்ட்டைச் சுற்றி ரப்பர் உறை மாதிரி ஒட்டிக்கொள்ளும். தண்ணீரைத் தடுப்பது அந்த உறை. அப்புறம் போல்ட்டைத் திருகினால் உறை கிழிந்துவிடும். அதனால் மேலே இருப்பவர் போல்ட்டை அசையாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். கீழே இருப்பவர் நட்டைத் திருக வேண்டும். இவர்கள் ஏழு வருஷமும் அதை அப்படியே தலைகீழாகச் செய்திருக்கிறார்கள். ஒவ்வொரு மாதமும் அத்தான் தொப்பி போட்டுக்கொண்டு வந்து தன் கையாலேயே ஓட்டையைப் புதுப்பித்துவிட்டுப் போயிருக்கிறார். அதற்குக் கீழே படுத்துக்கொண்டு, அது சரியாக நடக்க, அவள் ஸ்பேனர் பிடித்திருக்கிறாள்.

அன்று சாயங்காலம் டீ குடிக்கும்போது இரண்டு பேருக்கும் சேர்த்துச் சொன்னேன். கிளிப்பிள்ளைக்குச் சொல்வது போல, ஒரு பாட்டிலையும் மூடியையும் வைத்துக் காட்டினேன். சின்னக்கா தன் வலது மணிக்கட்டைத் தடவிக்கொண்டாள்.

அத்தான் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப, திருகறது கீழ இருக்கறவங்களா?"

"ஆமா அத்தான்."

"மேல இருக்கறவன் எதுக்கு?"

"அசையாம பிடிச்சுக்கறதுக்கு."

"சும்மாவா?"

"சும்மாத்தான்."

அவர் முகத்தில் ஈயாடவில்லை. கப்பைக் கீழே வைத்தார். "ஜன்னலையும் ஒரு தடவை பாத்துடு" என்று சொல்லிவிட்டு ஏணியில் இறங்கிப் போய்விட்டார்.

ஒன்பதாம் தேதி துளைகளை எபாக்ஸிப் பிசின் ஊற்றி அடைத்தேன். அது கல் மாதிரி இறுகிய பிறகு, பதினொன்றாம் தேதி அதன் நடுவில் புதுத் துளை போட்டேன். இனி போல்ட் வழியே தண்ணீர் வந்தாலும் மரத்துக்குள் போகாது. நேராகக் கீழேதான் இறங்கும். துளையின் வாயைக் கொஞ்சம் சரிவாக அகட்டினேன், பசை தங்க இடம் வேண்டும். புதுப் போல்ட், புது நட்டு, படகுக்கென்றே விற்கும் நல்ல பசை. முதலில் லேசாக இறுக்கி இரண்டு நாள் காய விட்டோம். பதிமூன்றாம் தேதி கடைசி இறுக்கல். மேலே நான் திருப்புளியை அசையாமல் பிடித்துக்கொண்டேன். கீழே சின்னக்கா நட்டைத் திருகினாள். எட்டுக்கும் கால் கால் திருகு. முடித்துவிட்டு அவள் தட்டிய இரண்டு தட்டு வழக்கத்தைவிடப் பலமாக இருந்தது. வெளியே வந்தவள் தலையில் தூசியோடு, "ஏண்டா, இது ரொம்ப ஈசியா இருக்கே" என்றாள்.

அப்புறம் அவளுடைய நகப்பூச்சை வாங்கி, ஒவ்வொரு போல்ட் தலையிலிருந்தும் பக்கத்துத் தட்டு வரை சிவப்பாக ஒரு கோடு இழுத்தேன். எங்கள் கடையில் பம்பு மூடும்போது இது வழக்கம். போல்ட் அசைந்தால் கோடு உடைந்து காட்டும்.

அத்தானிடம் அன்று மாலை சொன்னேன்: "முடிஞ்சுது. இனிமே இதை யாரும் தொடக்கூடாது. குறிப்பா மேலேர்ந்து."

"என்கிட்டயா சொல்றே?" என்று சிரித்தார்.

வெள்ளிக்கிழமை நானும் சின்னக்காவும் கடைக்குப் போனோம். பயணத்துக்கு அவளுக்கு ஒரு மழைக்கோட்டு வாங்க வேண்டியிருந்தது. ஆமாம், வாங்கினாள். மழைக்கோட்டு, கையுறை, புதுத் தலையணை. அளவு பார்த்து, நிறம் பார்த்து வாங்கினாள். அவள் போகாமலிருக்க நான் சதி செய்தேன் என்று எழுதியிருக்கிறாயே, அதனால் சொல்கிறேன். அங்கே போவதற்கு முன்னால், ஒழுகினால் நல்லது என்று எனக்கு ஒரு நினைப்பு இருந்தது உண்மைதான். ஆனால் என் கையால் போட்ட போல்ட் ஒழுக வேண்டும் என்று நினைக்கிற அளவுக்கு நான் இன்னும் கெட்டுப்போகவில்லை.

சனிக்கிழமை காலை பத்து மணி. சின்னக்கா புதுத் தலையணையில் தலை வைத்துப் படுத்துக்கொண்டாள், மேலே செய்தித்தாளை விரித்து. ஈரம் பட்டால் தெரிய வேண்டும் என்பதற்காக. ஹோஸ் என் கையில். அத்தான் தொப்பியோடு கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பெயிண்டரம்மா ஸ்டூலைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

பத்து நிமிஷம். ஒன்றுமில்லை. பதினைந்து. ஒன்றுமில்லை. இருபதாவது நிமிஷம் அத்தான், "பாத்தியா, ஜன்னலுக்கு நான் வெச்ச சிலிக்கான் பிடிச்சுக்கிச்சு" என்றார். நான் தண்ணீரை அவர் மேல் திருப்பாமலிருந்ததற்கு எனக்கு நீ ஒரு கடிதம் எழுதிப் பாராட்ட வேண்டும்.

இருபத்து மூன்றாவது நிமிஷம் கீழேயிருந்து ஒரு தட்டு. கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று.

விடு.

குழாயை மூடினேன். சின்னக்கா செய்தித்தாளோடு மேலே வந்தாள். நடுவில் ஒரு சட்டைப் பொத்தான் அளவு ஈரம். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது கொஞ்சம் பெரிதானது.

நான் குனிந்து கோடுகளைப் பார்த்தேன். ஒன்று, இரண்டு, மூன்று, ஏழு வரை நேர்க்கோடு. எட்டாவதில் போல்ட் தலையிலிருந்த சிவப்பு ஒரு பக்கம், தட்டிலிருந்த சிவப்பு ஒரு பக்கம். கடிகார முள்ளில் பதினைந்து நிமிஷ தூரம்.

"யார் தொட்டது?" என்றேன்.

"தொடறதா? யாரு? நேத்து இந்தப் பக்கம் ஒரே காத்து" என்றார் அத்தான்.

"காத்து திருப்புளியோடயா வந்துச்சு சார்?" என்று கேட்டது பெயிண்டரம்மா.

சின்னக்கா அவரைப் பார்த்துக்கொண்டே நின்றாள். கோபமாகப் பார்க்கவில்லை. வரைபடத்தில் அளவு தப்பிய இடத்தைத் தேடுகிற மாதிரி பார்த்தாள். அவர் தொப்பியைக் கழற்றித் துடைத்தார்.

"ஒரு கால் திருகுதான். அதுவும் ஒண்ணுல மட்டும். இவ்வளவு பெரிய பயணம் கிளம்பறேன், என் படகு, கடைசியா என் கை ஒரு தடவை படணும்ல?"

"ம்" என்றாள்.

"அது இறுகவேயில்ல. சுத்திக்கிட்டே போச்சு. அதான் விட்டுட்டேன்." பிறகு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஒரு சொல்லும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. "நீ கீழ இருந்து பிடிச்சிருந்தா நல்லா இறுகியிருக்கும். நீதான் கடைக்குப் போயிட்டியே."

ஹோஸ் நுனியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

நான் வாயைத் திறந்தேன். ஒரே ஒரு போல்ட், கழற்றி மறுபடி பசை வைத்தால் மூன்று நாளில் சரியாகிவிடும் என்று சொல்லப் போனேன். சத்தியமாக அதைத்தான் சொல்லப் போனேன். சின்னக்கா கையைக் காட்டி நிறுத்தினாள்.

"நீ பேசாத. நீ எதுக்குக் கோடு போட்டேன்னு எனக்குத் தெரியும்."

"அது கடை வழக்கம்."

"உன் கடையில பம்பை அத்தானா திருகறார்?"

அவள் சொன்னது உண்மை. பம்புக்குப் போடும் கோடு தண்ணீருக்காக. இந்தக் கோட்டை அவருக்காகத்தான் போட்டேன். அவர் தொடுவார் என்று எனக்குத் தெரிந்திருந்தது. இதற்காக நீ என்னைத் திட்டுவதானால், அந்த மூன்று பக்கத்தில் கால் பக்கத்தை நான் ஏற்றுக்கொள்கிறேன்.

அவள் என் கருவிப் பையைத் திறந்தாள். உள்ளே கிளறி, பூட்டிக்கொள்ளும் பிளையரை எடுத்தாள். அது ஒரு தடவை கவ்வினால் நாமாக விடுவிக்கும் வரை விடாது. நான் தனியாக வேலை செய்யும் நாட்களில், கீழே ஆள் இல்லாதபோது, நட்டைப் பிடித்துக்கொள்ள அதைத்தான் மாட்டிவிடுவேன். பதினைந்து நாளாக அவள் அதைப் பையில் பார்த்திருக்கிறாள். இது எதற்கு என்று ஒரு தடவை கேட்டும் இருக்கிறாள்.

அதை அத்தானின் கையில் வைத்தாள்.

"இதை நட்டுல மாட்டி விடுங்க. பிடிச்சுக்கும்."

"எதுக்கு? நீ இருக்கியே."

"நான் திங்கக்கிழமை ஆபீஸ் போறேங்க."

"ஒரு சொட்டுத் தண்ணிக்காகவா?"

"தண்ணிக்குத்தான் பேசிவெச்சோம்" என்றாள். "விழுந்துடுச்சு."

குரலை உயர்த்தவில்லை. ஏணியில் இறங்கினாள். மூன்றாவது படியில் நின்று, "புதுத் தலையணையை எடுத்துக்கறேன். உங்களுக்கு வலப்பக்கம் இருக்கு" என்றாள்.

இதுதான் நடந்தது. நீ எழுதிய மாதிரி அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நான் வரவில்லை. பஸ்ஸில் அவள்தான் எனக்கும் சேர்த்து ஜன்னல் பக்கம் இடம் பிடித்தாள். திங்கட்கிழமை எட்டரைக்கு ஆபீஸ் போனாள். மேஜையில் அவள் விட்டுப்போன பென்சில்கூட அப்படியே இருந்ததாம்.

நான் ஊர் திரும்பும் முன் அன்று காலையிலேயே மிச்சக் கருவிகளை எடுக்கத் திடலுக்குப் போனேன். படகு இன்னும் முட்டின் மேலேதான் நின்றது. அத்தான் எல்லாப் போல்ட்டையும் மறுபடி இறுக்கிக்கொண்டிருந்தார். மேலிருந்துதான். பிளையரைக் கீழே நட்டில் மாட்டிவிட்டு கேபின் படியேறி மேலே வருவார். ஒரு திருகு வைப்பார். பிளையர் பிடித்திருக்கிறதா என்று சந்தேகம் வந்து மறுபடி கீழே போவார். பிளையரைப் பார்த்து "பிடி" என்று கத்தியது எனக்கே கேட்டது.

"காலையிலேர்ந்து பதினோரு தடவை தம்பி. நான் எண்ணிக்கிட்டிருக்கேன்" என்றார் பெயிண்டரம்மா.

அத்தான் என்னைப் பார்த்தார். தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "மாப்ளே, இதோட முடிஞ்சுது. நாளைக்குக் கிளம்பறேன்."

"சரி அத்தான்" என்றேன்.

இன்றைக்கு எட்டு நாள் ஆகிறது. பெயிண்டரம்மா நேற்றுப் போனில் சொன்னபடி படகு அங்கேயேதான் நிற்கிறது, ஜன்னலில் ஏழாவது அடுக்கு. அந்தப் பிளையர் என்னுடையது, நல்ல இரும்பு. திருப்பிக் கேட்கவில்லை. அவருக்கு அது இல்லாமல் ஆகாது.

சின்னக்கா உனக்குத் தனியாக எழுதுவாள். தலையணை நன்றாக இருக்கிறதாம்.

உன் தம்பி